2,200-உம் 260-உம் ஒன்றுதான்: நுரையீரல் ரத்தக்குழாய் அறுவைக்கு முன்னும் பின்னும் ரத்த ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

தம்பிக்கு அறுவை சிகிச்சை நாள் குறித்த பிறகு வந்த ரிப்போர்ட்டில், இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் என்டி-புரோபிஎன்பி என்ற புரதம் 260 என்று இருந்தது. முந்தைய மாதம் அதே பரிசோதனை 2,200. நான் 22 வருடமாக லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். ஆனாலும் அன்று அவனுக்குப் போன் போட்டு, "எண் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதுடா, ஆபரேஷனே வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார்கள்" என்றேன். "அப்போ எனக்கு ஏன் அக்கா இன்னும் ஒரு மாடி ஏற முடியவில்லை?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தைப் பார்த்தேன். பழையது மில்லிலிட்டருக்கு இத்தனை பைக்கோகிராம் என்ற கணக்கு. புதியது வேறு லேப், லிட்டருக்கு இத்தனை பைக்கோமோல் என்ற கணக்கு. என்டி-புரோபிஎன்பிக்கு இரண்டாவதை 8.457-ஆல் பெருக்கினால் முதலாவது வரும். 260-ஐப் பெருக்கினேன். 2,199.

ஆக எதுவும் குறையவில்லை. அன்றிரவே ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். அந்த நோட்டை எப்படி எழுதுவது, எந்த எண்ணை எந்த நாளில் நம்புவது, எதைக் கண்டு பதறக் கூடாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சிகிச்சையை முடிவு செய்வது மருத்துவர்களின் வேலை. அவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்க இந்த நோட்டு உதவும்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வரி. தம்பிக்குக் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. மருந்து கொடுத்தும் கட்டி முழுதாகக் கரையவில்லை. மிச்சம் இருந்தது தழும்பு போல இறுகி, நுரையீரல் தமனிகளின் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டது. குறுகிய குழாய் வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைத்துப் போனது. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே பல்மனரி ஹைப்பர்டென்ஷன். அவனுக்கு 48. ரத்தக்கட்டியால் வரும் இந்த வகைக்கு மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. நெஞ்சைத் திறந்து, உடலை 18 முதல் 20 டிகிரி வரை குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே ஒரு தடவைக்கு 20 நிமிடம் வரை நிறுத்தி, அந்தத் தழும்பைத் தமனியின் உள்தோலோடு சேர்த்து உரித்து எடுப்பார்கள்.

பெரிய அறுவைதான். 2007 முதல் 2009 வரை திரட்டிய சர்வதேசப் பதிவேட்டில், இந்த அறுவை செய்துகொண்டவர்களில் 4.7 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்திருக்கிறார்கள். ஆனால் அது கூட்டத்தின் சராசரி. நம் வீட்டு ஆள் அந்தக் கூட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அது சொல்லாது. ரத்தப் பரிசோதனைகளுக்கு வேலை வருவது அங்கேதான்.

அறுவைக்கு முன்: அடிப்படை எண்

நோட்டில் நான் போட்ட கட்டங்கள் இவை: தேதி, ரத்தம் எடுத்த நேரம், லேப், பரிசோதனையின் முழுப்பெயர், அலகு, எண். கடைசியாக ஒரு அகலமான கட்டம், "அன்று எப்படி இருந்தான்" என்று. எடை எவ்வளவு, கால் வீக்கம் உண்டா, நீர்மாத்திரை எத்தனை, எத்தனை படி ஏறினான் என்பதெல்லாம் அதில் போகும். பின்னால் அதிகம் கைகொடுத்தது அந்தக் கடைசிக் கட்டம்தான்.

அறுவைக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள், முடிந்தால் அறுவை நடக்கப்போகும் மருத்துவமனையின் லேபிலேயே, ஒரு முழு வரிசை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்டி-புரோபிஎன்பி, கிரியாட்டினின், பிலிருபின், சோடியம், யூரிக் ஆசிட், பிளேட்லெட்டோடு கூடிய முழு ரத்த எண்ணிக்கை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர், இவை போதும். பெரும்பாலும் அவர்களே கேட்டிருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது நகல் வாங்கிக் கட்டத்தில் ஏற்றுவது மட்டும்.

ஏன் இவை? வலது இதயம் தள்ள முடியாமல் திணறினால் ரத்தம் பின்னோக்கித் தேங்கும். தேங்கும் முதல் இடங்களில் ஒன்று கல்லீரல், அதனால் பிலிருபின் ஏறும். சிறுநீரகத்துக்கு ஒரு பக்கம் ரத்தம் போதாது, மறுபக்கம் தேக்கம், அதனால் கிரியாட்டினின் ஏறும். உடல் நீரைப் பிடித்து வைக்கும், சோடியம் இறங்கும். யூரிக் ஆசிட் கூடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நூறு காரணம் சொல்லலாம். நான்கும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், வலது இதயத்தின் பாரத்தை மற்ற உறுப்புகளும் சுமக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். அறுவைக்குப் பிறகு சிக்கல் வரும் வாய்ப்பை இது கூட்டும். சில குழுக்கள் அறுவையைச் சில நாள் தள்ளிப்போட்டு நீரை வடித்து, இதயத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தொடங்குவதும் இதனால்தான்.

என்டி-புரோபிஎன்பியைப் படிப்பது

இதற்குக் கொஞ்சம் அதிக இடம் தருகிறேன். அதிகம் தப்பாகப் படிக்கப்படுவது இதுதான்.

இதயத் தசை இழுபடும்போது புரோபிஎன்பி என்ற புரதத்தை வெளிவிடும். அதில் 108 அமினோ அமிலங்கள். அது இரண்டாக வெட்டுப்படும். 32 அமினோ அமிலம் கொண்ட துண்டு பிஎன்பி, வேலை செய்யும் ஹார்மோன். மீதி 76 கொண்ட துண்டு என்டி-புரோபிஎன்பி, வேலை ஏதும் இல்லாமல் ரத்தத்தில் மிதப்பது. பிஎன்பி 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். மற்றது ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாங்கும். இரண்டும் ஒரே சம்பவத்திலிருந்து பிறந்தாலும் எண்கள் ஒன்றல்ல. ஒரு ரிப்போர்ட்டில் பிஎன்பி, அடுத்ததில் என்டி-புரோபிஎன்பி என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. பெயரை முழுதாக எழுதச் சொன்னது அதற்குத்தான்.

என்டி-புரோபிஎன்பியை உடலிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு. அதனால் கிரியாட்டினினைப் பக்கத்தில் வைக்காமல் இந்த எண்ணைப் படிக்காதீர்கள். வயதானவர்களுக்கு இது இயல்பாகவே கூடுதல். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ஏறும். உடல் பருமனானவர்களுக்குக் குறைவாகக் காட்டும். இதயச் செயலிழப்புக்கு சாகுபிட்ரில் கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு பிஎன்பி மாத்திரையாலேயே ஏறும், என்டி-புரோபிஎன்பியை அது அப்படி ஏற்றாது. அவர்கள் இரண்டாவதையே கேட்க வேண்டும்.

சரி, எவ்வளவு என்றால் பயப்பட வேண்டும்? 2022-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதலில் மூன்று படி வைத்திருக்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 300 பைக்கோகிராமுக்குக் கீழ் குறைந்த ஆபத்து, 300 முதல் 1,100 வரை நடுத்தரம், 1,100-க்கு மேல் அதிகம். ஆனால் அந்தப் படிகள் மருந்தால் சிகிச்சை பெறும் இன்னொரு வகை பல்மனரி ஹைப்பர்டென்ஷனுக்காகப் போட்டவை. அறுவைக்குப் போகிறவருக்கு அவை மைல்கல் மாதிரி. எங்கே நிற்கிறோம் என்று தெரியும், அவ்வளவுதான். தம்பியின் 2,200 மேல்படியில் இருந்தது. அதைப் பார்த்து உறவினர் ஒருவர், "இவ்வளவு ஆபத்து என்றால் ஆபரேஷன் எதற்கு?" என்றார். கணக்கு தலைகீழ். எண் ஏறியதற்குக் காரணம் அடைப்பு. அடைப்பை எடுக்கத்தான் அறுவை. உயர்ந்த எண், அறுவைக்குப் பிந்தைய நாட்களில் இதயத்துக்குக் கூடுதல் துணை வேண்டியிருக்கும் என்று சொல்கிறது. அறுவை செய்யலாமா வேண்டாமா என்பதைத் தழும்பு எந்த மட்டத்தில் இருக்கிறது, கைக்கு எட்டுமா, குழாயின் எதிர்ப்பும் கண்ணில் தெரியும் அடைப்பும் பொருந்துகிறதா என்று ஸ்கேனையும், மெல்லிய குழாயை இதயம் வழியாக விட்டு அழுத்தத்தை நேரடியாக அளக்கும் கத்தீட்டர் அளவையும் வைத்து முடிவு செய்வார்கள்.

இன்னொன்று. உடலில் ஒன்றும் மாறாமலே இந்த எண் கால் பங்கு அளவுக்கு ஏறலாம், இறங்கலாம். 400 அடுத்த முறை 470 ஆனால் அன்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரத்தம் எடுக்கும்போது

என்டி-புரோபிஎன்பிக்கு வெறும் வயிறு தேவையில்லை. மாதிரியும் சட்டென்று கெடாது. பிஎன்பி அப்படி இல்லை. ஊதா மூடி போட்ட பிளாஸ்டிக் குழாயில் எடுத்துச் சீக்கிரம் லேபுக்குப் போக வேண்டும். டிரிப் ஏறும் கையில் ரத்தம் எடுத்தால் டிரிப் நீர் கலந்து எல்லா எண்ணும் பொய்யாகும். ரத்த அணு உடைந்த மாதிரியில் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். தம்பிக்கு ஒரு நாள் 6.1 என்று வந்து வார்டே பரபரத்தது. மறுபடி எடுத்தார்கள், 4.3. நான் இருக்கும் துறையின் குற்றம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

முடி உதிர்வுக்கென்று பலர் எடுக்கும் பயோட்டின் மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதிக டோஸ் பயோட்டின் சில இயந்திரங்களில், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின், என்டி-புரோபிஎன்பி இரண்டையும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டவைக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதற்கென எச்சரிக்கையே வெளியிட்டது. இப்போது பல நிறுவனங்கள் பரிசோதனையைத் திருத்திவிட்டன, ஆனால் உங்கள் லேபில் எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மாத்திரைப் பட்டியலில் விட்டமின்களையும் எழுதிக் கொடுங்கள். எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று லேபே சொல்லும்.

ஐசியூவில் முதல் மூன்று நாள்

இந்த நாட்களில் நோட்டை மூடி வைத்தாலும் தப்பில்லை. எல்லா எண்ணும் அசிங்கமாகத்தான் இருக்கும்.

ட்ரோபோனின் கட்டாயம் ஏறும். இதயத்தைத் தொட்டு, குளிரவைத்து, நிறுத்தி, மறுபடி ஓட்டியிருக்கிறார்கள், ஏறாவிட்டால்தான் அதிசயம். நெஞ்சுவலியோடு வருகிறவருக்குச் சொல்லும் அளவுகோலை இங்கே வைத்து மாரடைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்குகிறதா என்பதே கேள்வி. இறங்காமல் மேலே போய்க்கொண்டிருந்தால் அவர்களே ஈசிஜி, எக்கோ என்று தேடத் தொடங்குவார்கள். உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி இரண்டாம் மூன்றாம் நாள் உச்சியில் இருக்கும், அதுவும் அறுவையின் காயத்துக்காகத்தான். என்டி-புரோபிஎன்பியும் முன்பிருந்ததைவிட ஏறும். தம்பிக்கு இரண்டாம் நாள் 3,900. அறுவை தோற்றுவிட்டதா என்று அவன் மனைவி அழுதாள். தோற்கவில்லை. ஏற்றிய நீர், அறுவையின் அழுத்தம், அந்த நேரத்தில் மந்தமான சிறுநீரகம், எல்லாம் சேர்ந்த எண் அது.

அந்த மூன்று நாளில் நான் உண்மையில் பார்த்தது இரண்டுதான்: லாக்டேட், கிரியாட்டினின்.

உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாதபோது சேர்வது லாக்டேட். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருப்பது இயல்பு. இதயம்-நுரையீரல் இயந்திரத்திலிருந்து இறங்கிய உடனே கூடுதலாக இருப்பது சகஜம். மணிக்கு மணி இறங்கினால் ரத்த ஓட்டம் சரியாகிறது என்று அர்த்தம். இறங்கி வந்தது மறுபடி ஏறினால் வலது இதயம் தள்ளவில்லையோ என்று கவலைப்பட வேண்டும். ஆனால் அட்ரினலின் சொட்டு ஓடினால் அதுவே லாக்டேட்டைக் கூட்டும். அதனால் எண் ஏறியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அட்ரினலின் கூட்டியிருக்கிறீர்களா?" என்பது. நர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் சொட்டு போகும் பம்பைக் காட்டினார்.

கிரியாட்டினினில் அடிப்படை எண் இல்லாமல் ஒன்றும் புரியாது. 48 மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலோ, ஏழு நாளுக்குள் அடிப்படையின் ஒன்றரை மடங்கானாலோ சிறுநீரகத்துக்குத் திடீர் பாதிப்பு என்று கணக்கு. தம்பிக்கு 1.1 இருந்தது, இரண்டாம் நாள் 1.6. பழைய எண் தெரியாதவர் 1.6-ஐப் பார்த்து "கொஞ்சம் கூடுதல்" என்று கடந்துவிடலாம். இது பிந்தி ஏறும் எண். சிறுநீரகம் அடிபட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். சிறுநீர்ப் பை அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டர் வர வேண்டும். 62 கிலோ ஆளுக்கு மணிக்கு 31. தொடர்ந்து ஆறு மணி நேரம் அதற்குக் கீழே போனால் அதுவே எச்சரிக்கை. அவனுக்கு ஐந்தாம் நாள் 1.2-க்குத் திரும்பியது.

இந்த அறுவைக்கே உரிய ஒரு ஆபத்தை எந்த ரத்த மார்க்கரும் நன்றாகச் சொல்வதில்லை. திடீரென்று ரத்தம் பாயத் தொடங்கிய நுரையீரல் பகுதியில் நீர் கோத்துக்கொள்ளும் ரீபர்ஃப்யூஷன் காயம் அது. பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் வரும். அதை ரத்த வாயுப் பரிசோதனையின் ஆக்சிஜனும் எக்ஸ்ரேயும்தான் காட்டும்.

நான்காம் நாளுக்குப் பிறகு

எல்லாரும் மூச்சு விடும் நேரம். நான் நோட்டை மறுபடி திறந்தது இப்போதுதான், பிளேட்லெட்டுக்காக.

அறுவை முடிந்த முதல் சில நாள் பிளேட்லெட் நன்றாகக் குறையும், பாதியாகக் கூட ஆகும். அது இயந்திரத்தின் வேலை. பிறகு ஏறும். ஏறியது ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் மறுபடி இறங்கினால் உடனே கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி, பிளேட்லெட்டைக் குறைத்துக்கொண்டே ரத்தத்தை உறையவும் வைக்கும் கோளாறாக அது இருக்கலாம். உறைந்த கட்டியை எடுக்கத்தான் இவ்வளவும் பட்டோம். அதனால் தினசரி எண்ணை நோட்டில் ஒரு கோடாக வரைந்து பாருங்கள். கோடு இறங்கி, ஏறி, மறுபடி இறங்குகிறதா என்பது வரைந்தால்தான் கண்ணில் படும்.

இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள் இருக்கும். அது இருந்தால் ஹெப்பாரினை அளக்கும் ஏபிடிடி பரிசோதனை, மருந்து இல்லாமலே உறையும் நேரத்தை நீட்டிக் காட்டக்கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மாத்திரைகளைவிட அவர்களுக்கு வார்ஃபரின்தான் சிபாரிசு. அறுவைக்கு முன்னாலேயே இதைப் பரிசோதித்தார்களா என்று ஒரு முறை கேட்டு, பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

என்டி-புரோபிஎன்பி உண்மையாகப் பேசத் தொடங்குவது இங்கேதான். ஐசியூ எண்ணோடு ஒப்பிடாதீர்கள், அறுவைக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். தம்பியின் வரிசை: முன்பு 2,200, டிஸ்சார்ஜ் அன்று 1,450, மூன்றாம் மாதம் 410, ஆறாம் மாதம் 230. கடைசிக் கட்டத்தில், "மூன்று மாடி, நிற்காமல்."

எல்லாருக்கும் இப்படி இறங்குவதில்லை. கைக்கு எட்டாத சிறு குழாய்களில் நோய் மிச்சம் இருந்தால் அழுத்தமும் மிச்சம் இருக்கும். எண் பாதி வழியில் நின்றுவிட்டாலோ, இறங்கி மறுபடி ஏறினாலோ, முதலில் எளிய காரணங்களைக் கழியுங்கள். அதே லேபா, அதே அலகா, கிரியாட்டினின் ஏறியதா, துடிப்பு ஒழுங்கா இருக்கிறதா? எல்லாம் சரி என்றால் ஓரிரு வாரத்தில் மறுபடி எடுத்து, அப்போதும் மேலே இருந்தால் எக்கோவுக்குப் போக வேண்டும். மயக்கம், கால் வீக்கம், சில நாளில் கூடிய எடை, இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபரிசோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். எண் நன்றாக இருந்தாலும் போங்கள்.

எண் நன்றாக இறங்கினாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் கத்தீட்டர் அளவைத் தட்டிக்கழிக்காதீர்கள். ரத்த மார்க்கர் இதயத்தின் சிரமத்தைச் சொல்லும், குழாயின் அழுத்தத்தை நேரடியாக அளக்காது. 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அறுவைக்குப் பிறகும் சராசரி அழுத்தம் 38-உம், குழாயின் எதிர்ப்பு 425 டைனும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு நீண்டகாலத்தில் ஆபத்து கூடுதல் என்று கண்டார்கள். அப்படி மிச்சம் இருந்தால் ரியோசிகுவாட் மாத்திரை, பலூனால் குழாயை விரிப்பது என்று வழிகள் உண்டு, தெரிந்தால்தானே கேட்க முடியும். தம்பிக்கு 48 இருந்தது 24 ஆனது. அளவுகோலின்படி இன்னும் இயல்பு இல்லை, ஆனால் மருத்துவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜிடிஎஃப்-15, இன்டர்லூக்கின்-6, மைக்ரோ ஆர்என்ஏ என்று புதிய மார்க்கர்களின் பெயர்கள் உங்கள் கண்ணில் படும். லேபில் இருப்பவளாகச் சொல்கிறேன், அவற்றைத் தேடி அலையாதீர்கள். ஆராய்ச்சியில் சுவாரசியம்தான், ஆனால் உங்கள் ஆளின் எண் இத்தனை என்றால் அடுத்து இதைச் செய் என்று சொல்லும் இடத்துக்கு அவை இன்னும் வரவில்லை. அதற்குப் பதில் முழு ரத்த எண்ணிக்கையில் ஏற்கெனவே அச்சாகி, யாரும் பார்க்காமல் கிடக்கும் ஆர்டிடபிள்யூவைப் பாருங்கள். சிவப்பணுக்களின் அளவு எவ்வளவு கலவையாக இருக்கிறது என்ற எண் அது. கூடுதலாக இருந்தால் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோயாளிகளுக்கு இரும்புக் குறைவு அடிக்கடி வரும், களைப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகக் கூட இருக்கும்.

ஒரு வருடம் ஆனதும் நோட்டின் பெரும்பாலான கட்டங்கள் காலியாகத் தொடங்கின. ஐஎன்ஆர் கட்டம் மட்டும் நிரம்பிக்கொண்டே போகிறது, ஏனென்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆயுள் முழுக்க உண்டு. வார்ஃபரினில் இருப்பவர்களுக்கு அது பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். போன வாரம் 2.4. அதை இப்போது அவனே எழுதுகிறான், அலகு இல்லாத எண் என்று எனக்கே பாடம் எடுத்தபடி.